பகலில் அழும் நாய்

சிவதர்ஷினிக்கு நாய் என்றால் உயிர் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். நாற்பது வயது தாண்டும்வரை அவள் ஒரு நாயைத் தொட்டதுகூட இல்லை. எதிரே நாய் வந்தால் நடைபாதையை விட்டுப் புல்லில் இறங்கி, அது போன பிறகு மறுபடி ஏறி நடக்கிற ரகம். அப்படிப்பட்டவள் நாய்க்குட்டி வேண்டும் என்று கிளம்பியதுதான் வேடிக்கை.

அலுவலகத் தோழி ஒருத்தி பூனை பார்க்கப் போகிறேன், துணைக்கு வா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை புக்கிட் பாத்தோக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே சுபாங்கி என்றொரு பெண். தெருவில் கிடக்கும் குட்டிகளைத் தன் வீட்டில் வைத்து வளர்த்து, நல்ல இடம் பார்த்துக் கொடுக்கிறவள். தோழி பூனைகளோடு கொஞ்சிக்கொண்டிருந்தபோது, பழுப்பு நிறத்தில் ஒரு காது மடங்கிய குட்டி ஒன்று தள்ளாடி வந்து சிவதர்ஷினியின் பாதத்தின்மேல் படுத்தது. படுத்ததும் தூங்கியே போனது. அவள் காலை அசைக்கவில்லை. கால் மரத்துப்போய் வலி தொடை வரைக்கும் ஏறியது. அப்போதும் அசைக்கவில்லை. தோழி வந்து பார்த்தபோது இவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கேட்டதற்கு, பூனை முடி அலர்ஜி என்றாள்.

அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஹார்பர்ஃபிரண்ட் பக்கம் ஒரு கப்பல் சரக்குக் கம்பெனியில் வேலை. படித்து முடித்து அங்கே போய் உட்கார்ந்தவள்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை. வீடு பொங்கோலில். காலையில் ஊதா நிற ரயிலில் இந்தக் கோடியில் ஏறினால் அந்தக் கோடியில் இறங்குவாள், மாலையில் அதே மாதிரி திரும்பி வருவாள். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்கிறவர்களுக்கு அவள் சார்பில் நான் ஒன்று சொல்லிக்கொள்கிறேன்: உங்கள் வேலையைப் பாருங்கள்.

வீட்டில் அப்பா நடராசா, அம்மா யோகம், இவள். மூன்று பேரில் பேசுகிறவள் அம்மா ஒருத்திதான். காலை காபியில் ஆரம்பித்தால் விளக்கணைக்கும்வரை பேச்சு, பேச்சு, பேச்சு. அப்பாவும் மகளும் ஆளுக்கொரு 'ம்' போட்டுக்கொண்டு காலத்தை ஓட்டினார்கள். போன வருஷம் யோகம் படுத்தாள். படுக்கையை ஹாலிலேயே போட்டார்கள். பார்த்துக்கொள்ள ஒரு பணிப்பெண் வந்தாள். சில மாதம் முனகிக்கொண்டு கிடந்து யோகம் போய்ச் சேர்ந்தாள். பணிப்பெண்ணும் ஊருக்குப் போனாள். பேசுகிற ஆள் போய், கேட்கிற ஆட்கள் இரண்டு பேர் வீட்டில் மிச்சம்.

மண்டாயில் தகனம் நடந்தபோது நடராசா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. வெள்ளை வேட்டியும் நிமிர்ந்த முதுகுமாக நின்று, வந்தவர்களுக்கெல்லாம் கை கூப்பினார். துறைமுகத்தில் முப்பது வருஷம் கிளார்க்காக இருந்த மனிதர், எதையும் ஒழுங்காகச் செய்து பழக்கம். "ஐயா கல்லு மாதிரி நின்னார். அந்த மனோதிடம் யாருக்கு வரும்?" என்று சொந்தக்காரர்கள் மெச்சினார்கள். மெச்சிவிட்டுப் போய்விட்டார்கள். கல் என்று பட்டம் கொடுத்துவிட்டால் பிறகு அந்த மனிதன் கல்லாகவே இருந்து தொலைக்க வேண்டும் என்று இந்த ஜனங்களுக்குத் தெரிவதில்லை.

அப்பாவும் தன் வழக்கத்தை மாற்றவில்லை. தினமும் குளித்து, சட்டையைத் தானே தேய்த்துப் போட்டுக்கொண்டு, பேப்பரோடு உட்கார்ந்திருப்பார். மகள் கிளம்பும்போது, "நானும் கொஞ்ச நேரத்துல தேக்காவுக்குப் போயிடுவன், பிள்ளை. சாவியை எடுத்துக்க" என்பார். தேக்கா உணவங்காடியில் சேக் தாவூது கடையில் இஞ்சித் தேநீர், நாலு பேரோடு அரட்டை, மத்தியானச் சாப்பாடு எல்லாம் அங்கேயே. ஓய்வு பெற்ற நாளிலிருந்து அதுதான் அவருடைய ஆபீஸ். மாலையில் மகள் வந்ததும் இன்றைக்குத் தேக்காவில் சரியான கூட்டம், வஞ்சிர மீன் நன்றாக இருந்தது, தாவூதுக்கு முழங்கால் வலி என்று இரண்டு செய்தி சொல்வார். மகள் 'ம்' போடுவாள்.

நாய்க்குட்டி பேச்சை அவள் எடுத்தது ஒரு சாப்பாட்டு நேரத்தில். கேட்டதும் நடராசா கையிலிருந்த சோற்றுருண்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"வேலைக்குப் போற வீட்டுல நாய் எதுக்கு பிள்ளை? நீ ஆபீஸ்ல. நான் தேக்காவுல. வீடு பூட்டிக் கிடக்கும். அது தனியாக் கிடந்து சாகும்."

"நிறைய பேர் வேலைக்குப் போய்க்கிட்டே வளர்க்கிறாங்கப்பா. பழகிடும்னு சொல்றாங்க."

"பழகாது." நடராசா தண்ணீர் தம்ளரைப் பார்த்தபடியே பேசினார். "முதல்ல வாசல்கிட்டயே நிக்கும். நீ எதையோ மறந்துட்டு எடுக்கத் திரும்பி வருவேன்னு. அப்புறம் லிஃப்ட் சத்தம் ஒவ்வொண்ணுக்கும் தலையைத் தூக்கும். நம்ம மாடியில நிக்கலைன்னு தெரிஞ்சதும் மறுபடி படுத்துக்கும். வெயில் ஹால்ல இருந்து நகர்ந்து நகர்ந்து அடுப்படிக்குப் போறதைப் பார்த்துக்கிட்டே கிடக்கும். மத்தியானத்துக்கு மேல அழக்கூடத் தெம்பு இருக்காது. அந்தப் பாவம் நமக்கு வேண்டாம்."

அவர் இத்தனை வாக்கியம் ஒரே மூச்சில் பேசி அவள் கேட்டதில்லை. "என்னப்பா, நாய் வளர்த்தவர் மாதிரி சொல்றீங்க?" என்று சிரித்தாள்.

"எங்கேயோ படிச்சேன்," என்று எழுந்து கை கழுவப் போனார்.

அவர் சொன்னது அவள் மனசில் முள்ளாகத் தைத்தது. ரயிலில் போகும்போதெல்லாம் அந்த மடங்கிய காதுக்குட்டி வாசலில் படுத்து வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தது. வேண்டாம் என்று முடிவெடுப்பாள். செராங்கூன் ஸ்டேஷன் தாண்டுவதற்குள் வேண்டும் என்று மாறிவிடுவாள். ஆபீசிலும் வீட்டிலும் அதே நினைப்பாகக் கிடந்தாள். குட்டி அவள் பாதத்தில் தூங்கிய அந்தக் கொஞ்ச நேரம்தான், அம்மா போனதற்குப் பிறகு அவள் உடம்பில் ஏதோ சூடாக இருந்த நேரம். அதை யாரிடம் போய்ச் சொல்வது? கடைசியில், வீட்டை வந்து பார்க்கட்டும், அதற்குப் பிறகு யோசிக்கலாம் என்று சுபாங்கியை ஒரு சனிக்கிழமை வரச் சொன்னாள்.

குட்டியைக் கொடுப்பதற்கு முன்னால் வீட்டைப் பார்ப்பது சுபாங்கியின் வழக்கம். சன்னல் கம்பி, வாசல் கம்பிக் கேட்டின் இடைவெளி, குட்டி படுக்கிற இடம் எல்லாம் பார்ப்பாள். நாய்ப் பாதச் சின்னம் போட்ட சட்டையோடு லிஃப்டிலிருந்து இறங்கி வந்தவளை வாசலில் நின்று வரவேற்றாள் சிவதர்ஷினி. அப்பா பேப்பர் வாங்கக் கீழே போயிருந்தார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு ஜமால் முகம்மது இரவு வேலை முடிந்து வந்து சேர்ந்தார். விமான நிலையச் சரக்குக் கிடங்கில் ராத்திரி டூட்டி, பகலெல்லாம் தூக்கம் என்று வருஷக்கணக்காக ஓட்டுகிற மனிதர். குரல் உயர்த்தத் தெரியாது.

சட்டையைப் பார்த்ததும் அவர் நின்றார். "நாய் விஷயமா வந்தீங்களா மேடம்? நல்லதாப் போச்சு. நான் கம்ப்ளெய்ன் பண்ணலை லா. தங்கச்சி நல்ல புள்ள. ஆனா அது படுற பாடு கேக்க முடியலை."

"எது பாய்?" என்றாள் சிவதர்ஷினி.

"உங்க வீட்டு நாய்தான். நீங்க வேலைக்குப் போனதும் ஆரம்பிக்குதே! வாசல்கிட்ட வந்து ஊளையிடும். கொஞ்சம் நிக்கும். மறுபடி ஆரம்பிக்கும். மழை நாள்ல ரொம்ப மோசம். உங்கப்பாகிட்டக்கூட ஒருநாள் சொன்னேனே! அப்படி எதுவும் இல்லையேன்னுட்டார். அதுக்கப்புறம் சத்தம் கொஞ்சம் அமுங்கினாப்பல இருக்கு. வாயைக் கட்டிப் போட்டிருக்கீங்களோ என்னமோ... தப்பா எடுத்துக்காதீங்க. வாயில்லா ஜீவன், பாவம்."

"எங்க வீட்டுல நாயே இல்லை பாய்!"

ஜமால் முகம்மது அவளையும் சுபாங்கியையும் மாறி மாறிப் பார்த்தார். பார்த்துவிட்டு, சங்கடமாக ஒரு சிரிப்போடு உள்ளே போய்விட்டார்.

சுபாங்கி வீடு முழுக்கப் பார்த்தாள். குளியலறைக் கதவுக்குப் பின்னால், துணி காய்கிற இடத்தில், ஸ்டோர் ரூமில்கூட. தட்டு இல்லை, கயிறு இல்லை, ஒரு முடிகூட இல்லை. இருந்தும் அவள் முகம் மாறித்தான் போயிருந்தது. "நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் சொல்லலை, அக்கா. ஆனா அவர் எதுக்குப் பொய் சொல்லணும்? ஒரு நாய் அழுத வீட்டுக்கு என் குட்டியை அனுப்ப முடியாது. என்னன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. இன்னொரு ஃபேமிலி கேக்குறாங்க. அடுத்த சனிக்கிழமை வரைக்கும்தான் நிறுத்தி வைக்க முடியும்."

அவள் போன பிறகு சிவதர்ஷினி ஹாலில் அப்படியே நின்றாள். அம்மாவின் கட்டில் கிடந்த இடம் இன்னும் காலியாகவே இருந்தது. அந்தச் சதுரத்தில் கால் வைக்காமல் சுற்றிப் போவது இருவருக்கும் பழக்கமாகிவிட்டிருந்தது. வாசல் ஓரத்தில் அம்மாவின் செருப்பு. அதை எடுத்துப் போட இரண்டு பேருக்கும் மனசு வரவில்லை.

செத்தவர்கள் வருஷம் திரும்பும்வரை வீட்டைச் சுற்றித்தான் இருப்பார்கள் என்பது யோகத்தின் நம்பிக்கை. அவள் உயிரோடு இருந்தபோது மகள் அதைக் கேலி செய்வாள். முதல் வருஷத் திவசம் இன்னும் வரவில்லை. இப்போது கேலி வரவில்லை. கடைசி நாட்களில் அம்மா முனகிய முனகல் அவளுக்கு மறக்குமா? தான் வேலைக்குப் போன பிறகு அவள் எப்படி முனகினாளோ, யாரைத் தேடினாளோ? அந்தப் பணிப்பெண்தான் கேட்டிருப்பாள். அந்தச் சத்தம் இன்னும் இந்த வீட்டில் பகலில் கேட்கிறது என்றால் அது வேறு யாராக இருக்க முடியும்?

அதற்கப்புறம் அவள் கண்ணுக்கு எல்லாமே தென்பட ஆரம்பித்தது. வாசல் செருப்பு காலையில் ஒரு பக்கம் பார்த்திருக்கும், மாலையில் வேறு பக்கம். இன்னொன்று அதைவிட மோசம். அம்மாவுக்கென்று ஒரு தடித்த பச்சைத் துவாலை உண்டு. காரியமெல்லாம் முடிந்ததும் அதைத் துவைத்து மடித்து அலமாரியின் அடியில் வைத்தது சிவதர்ஷினியேதான். திங்கட்கிழமை மாலை அவள் வந்தபோது அந்தத் துவாலை பின்பக்கக் கொடியில் தொங்கியது. தொட்டாள். ஈரம். கை வெடுக்கென்று தானாகவே பின்னால் வந்துவிட்டது. மறுநாள் அது அலமாரியின் அடியில் மடித்தபடி இருந்தது. இருந்தாலும் மூலைகள் குளிர்ந்து கிடந்தன.

அப்பாவிடம் கேட்டாளா? கேட்கவில்லை. பேயாவது பிசாசாவது என்று சிரிக்கிற மனிதர். தவிர, அவராவது நிம்மதியாகத் தேக்கா, தேநீர் என்று இருக்கிறார், அதையும் ஏன் கெடுப்பானேன் என்று நினைத்தாள். இந்தக் குடும்பத்தின் வியாதியே இதுதான். ஒருவர் மனசைக் கெடுக்கக்கூடாது என்று மற்றவர் வாயை மூடிக்கொள்வார்கள். யோகம் ஒருத்தி இருந்தாள், எல்லாருடைய வாயையும் பிடுங்க.

வியாழக்கிழமை ஆபீசில் அவளுக்கு வேலையே ஓடவில்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டது. மழை நாளில்தான் ரொம்ப மோசம் என்று ஜமால் முகம்மது சொன்னது காதுக்குள் வந்து வந்து போனது. தலைவலி என்று அரைநாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினாள். ஆனால் அந்த வீட்டுக்குள் தனியாக நுழைய அவளுக்குத் தைரியமில்லை. இதைச் சொல்ல எனக்கே சிரிப்பாகத்தான் இருக்கிறது, நாற்பது தாண்டிய பெண்பிள்ளைக்குப் பயம் வந்தால் அப்பா வேண்டியிருந்தது. நேரே லிட்டில் இந்தியாவில் இறங்கித் தேக்காவுக்கு நடந்தாள். அப்பாவைக் கூட்டிக்கொண்டு, ஏதோ ஒரு சாக்குச் சொல்லி, இரண்டு பேருமாக வீட்டுக்குப் போவது என்று திட்டம்.

மத்தியானக் கூட்டத்தில் அப்பா வழக்கமாக உட்காரும் தூணடி மேசையில் வேறு யாரோ பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சேக் தாவூது தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தவர், அவளைப் பார்த்ததும் கையை நிறுத்தினார்.

"வாம்மா. ஐயா எப்படி இருக்கார்? உடம்பு தேவலையா?"

"அப்பா இங்கதானே இருப்பார்? எங்க போனார்?"

தாவூது முகத்தில் ஒரு குழப்பம். "ஐயாவா? அவர் இந்தப் பக்கம் வந்து மாசக்கணக்காச்சேம்மா."

அவள் காதில் கடையின் இரைச்சல் அடங்கிப்போனது. "தினமும் வர்றாரே! உங்களுக்கு முழங்கால் வலின்னுகூடச் சொன்னார்..."

"முழங்கால் எனக்குப் பத்து வருஷமாவே வலி," என்றார் தாவூது. பையனைக் கூப்பிட்டுக் கடையைப் பார்க்கச் சொல்லிவிட்டு வெளியே வந்தார். "உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன். ஐயா வீட்டுக்குக் கிளம்புறப்ப, அம்மாவுக்குன்னு மல்லிகைச் சரம் வாங்கிட்டுப் போவார்ல? அம்மா தவறின அப்புறமும் கொஞ்ச நாள் இங்க வந்தார். பூக்கடைப் பக்கம் போகாம, சுத்திக்கிட்டு வருவார். அந்தப் பூக்கார அக்காவுக்கு விஷயம் தெரியாதும்மா. ஒருநாள் இவரைப் பார்த்துட்டு ரோட்டைத் தாண்டி ஓடி வந்து, 'என்ன ஐயா ஆளையே காணோம், அம்மா கோச்சுக்கப் போறாங்க'ன்னு சரத்தை இலையில சுத்திக் கையில திணிச்சிருச்சு. ஐயா ஒண்ணும் சொல்லலை. வாங்கிக்கிட்டு இங்க வந்து உட்கார்ந்தார். மடியிலயே வச்சிருந்தார். தேத்தண்ணி ஆறி ஆடை கட்டிருச்சு. எப்ப எழுந்து போனார்னு தெரியலை, பூ மட்டும் மேசையில கிடந்துச்சு. அன்னைக்குப் போனவர்தான்."

தாவூது தேநீர் கொடுத்தார். அவள் குடிக்கவில்லை. பொங்கோல் வரைக்கும் ரயிலில் நின்றுகொண்டே வந்தாள். உட்கார இடம் இருந்தது. முதல்ல வாசல்கிட்டயே நிக்கும். லிஃப்ட் சத்தத்துக்குத் தலையைத் தூக்கும். வெயில் அடுப்படிக்குப் போறதைப் பார்த்துக்கிட்டே கிடக்கும். எங்கேயோ படித்தாராம்! அட, பாவி மனுஷா!

லிஃப்டில் தங்கள் மாடிக்கே வந்தால் அப்பாவுக்குக் கேட்டுவிடும் என்று ஒரு மாடி முன்னாலேயே இறங்கிப் படியில் ஏறினாள். காரிடாரில் சாரல் அடித்து நனைந்து கிடந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, தன் வீட்டு வாசலுக்கே திருடி மாதிரி போய் நின்றாள்.

சத்தம் கதவின் அடிப்பக்கத்திலிருந்து வந்தது. யாரோ தரையில் உட்கார்ந்திருந்தால் அவ்வளவு தாழ்விலிருந்துதான் வரும். ஜமால் முகம்மது மேல் குற்றம் சொல்ல முடியாது. நானாக இருந்தாலும் நாய் என்றுதான் நினைத்திருப்பேன். வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழுதால் சொல் வெளியே வராது. மூக்கு வழியாக ஒரு கீச்சும், தொண்டையில் நீளமாக ஒரு ஊளையும்தான் வரும். நின்றது. மூச்சு வாங்கியது. அப்புறம் ஒரு செருமல். வலது பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு நடராசா செருமுகிற செருமல். பள்ளிக்கூடத்து ரிப்போர்ட் கார்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், மண்டாயில் கொள்ளி வைப்பதற்கு முன்னால், அவள் கேட்ட அதே செருமல். செருமிவிட்டு அந்த அழுகை மறுபடி ஆரம்பித்தது.

சிவதர்ஷினி கதவில் கை வைத்தாள். தட்டவில்லை. அப்பாவை யாரும் இப்படிப் பார்த்ததில்லை, அம்மாகூடப் பார்த்திருக்க மாட்டாள். இப்போது கதவைத் திறந்தால் அந்த மனிதர் எழுந்து நிற்பதற்குள் கூசிச் செத்துப்போவார். தன் வாயையும் கையால் பொத்திக்கொண்டு, அப்படியே பின்னால் நடந்து லிஃப்ட் வரைக்கும் போனாள். அங்கே நின்று நன்றாக அழுதாள். அழுது முடித்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, லிஃப்ட் பொத்தானை அழுத்தி அது மேலே வந்து திறந்து மூடும்வரை நின்றாள். அப்புறம் டக் டக்கென்று நடந்து வந்தாள். வழியிலேயே சாவியைக் குலுக்கினாள். போனில் யாரிடமோ பேசுகிற மாதிரி உரக்க ஏதோ பேசினாள். பையைத் தேடுகிற சாக்கில் வாசலில் இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள்.

நடராசா கதவைத் திறந்தபோது தலை வாரியிருந்தது, சட்டைப் பொத்தான் கழுத்துவரை போட்டிருந்தது. "என்ன பிள்ளை, இந்நேரத்துல? நான் இப்பத்தான் தேக்காவுல இருந்து வந்தேன். மழைக்கு அங்க கூட்டமே இல்லை."

அவருடைய குடை கொக்கியில் தொங்கியது. மடிப்பில் தூசி படிந்திருந்தது. கொடியில் பச்சைத் துவாலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"தலைவலி, அப்பா. அதான் வந்துட்டேன்," என்றாள். "டீ போடட்டா?"

"ஓம், போடு."

இரண்டு தம்ளரோடு வந்து உட்கார்ந்தாள். என்ன சொல்ல முடியும்? அப்பா, எனக்குத் தெரியும் என்றா? அம்மா இருந்திருந்தால் ஒரே வாயில் கேட்டிருப்பாள்: "என்ன மனுஷா, அழுறியா?" இவளுக்கு அந்த வாய் இல்லை.

"அந்தக் குட்டி விஷயம்," என்று ஆரம்பித்தாள். "நீங்க சொன்னதுதான் சரி, அப்பா. தனியாக் கிடந்தா அழும். யாராவது பகல்ல கூட இருந்தாத்தான் கொடுப்பேன்னு அந்தப் பொண்ணும் சொல்லிட்டா."

நடராசா தேநீரை ஊதினார்.

"அதனால... உங்களுக்குக் கஷ்டம்தான். ஆனா, இந்தத் தேக்காவுக்குப் போறதைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்திக்க முடியுமா? குட்டி பழகுற வரைக்கும்?"

அவர் நிமிர்ந்து மகளைப் பார்த்தார். சிவந்த கண். அதை அவளும் பார்த்தாள், அவள் பார்த்ததை அவரும் பார்த்தார். மழை சன்னலில் அடித்துக்கொண்டிருந்தது.

"தாவூது கோச்சுக்குவான்," என்றார் கடைசியில்.

"நான் சொல்லிக்கிறேன் அவர்கிட்ட."

"அந்த நாலு பேரும் என்னை எங்கன்னு தேடுவானுங்க..." செருமிக்கொண்டார். "சரி. நீ ஆசைப்படுறே. உனக்காக."

அன்று சாயங்காலமே சுபாங்கிக்குப் போன் செய்தாள். அழுதது யார் என்று சொன்னாள். "சனிக்கிழமை நானே கொண்டு வர்றேன், அக்கா," என்றாள் சுபாங்கி.

குட்டி வந்தது. வந்ததும் வீடு சொர்க்கமாகிவிட்டது என்று நான் கதை விடமாட்டேன். சோபாவின் ஓரத்தைக் கடித்தது. அம்மாவின் கட்டில் கிடந்த அந்தக் காலிச் சதுரத்தில், யாரும் கால் வைக்காத இடத்தில், போய் நின்றுகொண்டு ஒண்ணுக்கு அடித்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நடராசாதான் போய் முதலில் அந்த இடத்தில் காலை வைத்துத் துடைத்தார். குட்டிக்குப் பெயர் வைக்க இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை. அம்மா இருந்தால் நூறு பெயர் சொல்லியிருப்பாள். வா, போ, ஏய் என்றே ஓடிக்கொண்டிருந்தது. பச்சைத் துவாலை சில மாலைகளில் இன்னும் கொடியில் ஈரமாகத் தொங்கியது. சில மாலைகளில் தொங்கவில்லை. அவள் கேட்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து, மாலையில் வேலை முடிந்து வந்தவளை வாசலில் வைத்து ஜமால் முகம்மது பிடித்துக்கொண்டார். அவர் டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கதவு திறந்திருந்தது, கேட் மட்டும் பூட்டியிருந்தது. உள்ளே அப்பா பேப்பர் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"தங்கச்சி, ஒண்ணு கேக்கலாமா? இப்ப ரெண்டு நாயா வச்சிருக்கீங்க? வீவக கவர்ன்மென்ட் ஃபிளாட்டுல ஒண்ணுக்குத்தானே அனுமதி? நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் லா."

அவள் கேட்டுக்குள் ஒரு பார்வை பார்த்தாள். "ரொம்பத் தொந்தரவா இருக்கா, பாய்?"

"சேச்சே. முன்னைக்கு இப்ப எவ்வளவோ தேவலை. பெரியதுதான் முதல்ல ஆரம்பிக்குது. அது அழுததும் குட்டி குரைக்குது பாருங்க, ஒரேயடியா! குட்டி குரைச்சா, பெரியது நிப்பாட்டிடுது. அப்புறம் ரெண்டும் சத்தமே இல்லை. நானும் தூங்கிடுறேன்."

பேப்பர் புரட்டுகிற சத்தம் உள்ளே நின்றுபோனது.

பெரியது என்று ஒன்று இல்லவே இல்லை, உங்கள் காதில்தான் கோளாறு என்று அவள் சொல்லியிருக்கலாம். ஆனால் குட்டி ஒன்றுதான் என்று உண்மையைச் சொன்னால், அடுத்த கேள்வி அந்த இன்னொரு சத்தம் யாருடையது என்பதாக இருக்கும். கேட்டுக்குள் பேப்பருக்குப் பின்னால் ஒரு மனிதர் மூச்சு விடாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது.

"ஆமா பாய், ரெண்டுதான்," என்றாள் சிவதர்ஷினி, உள்ளே கேட்கும்படியாகவே. "பெரியதுக்கு வயசாயிடுச்சு. அது எங்கம்மாகூடவே இருந்து பழகினது. அழுதா அழட்டும். கொஞ்சம் பொறுத்துக்கங்க."

"அழட்டும், அழட்டும். பாவம்," என்று சொல்லிக்கொண்டே ஜமால் முகம்மது லிஃப்டுக்கு நடந்தார்.

உள்ளே ஒரு செருமல் கேட்டது. அவள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, பேப்பர் மறுபடி புரளும்வரை வாசலிலேயே நின்றாள்.